ரயிலடிக் காதலின் மூன்றாம் பாகம்

ஜப்பான்காரர்கள் எடுத்த ஒரு காதல் கார்ட்டூன் தொடரைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. முதல் பாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் பாகத்தை எடுத்தே இருக்க வேண்டாம். மூன்றாம் பாகத்தைப் பற்றி எழுத்துபூர்வமாக ஓர் அறிக்கை கொடுத்து, கையெழுத்தும் போட்டு, தேதியும் இட்டிருக்கிறேன். அரசாங்க வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அறிக்கை அதுதான்.

இவையெல்லாம் என் சொந்த அபிப்பிராயங்கள் என்று சொல்லிக்கொள்வதும் முழு உண்மையில்லை. பெரும்பாலானவை என் அக்காவினுடையவை. நான் அவற்றுக்கு வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதற்கும் தாளில் எழுதியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற அலுவலகம். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து காலையில் படகேறினால் சாயங்காலப் படகில் திரும்புவேன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி யார் மேஜையில் போய்த் தூங்கும், எங்கே சுருக்கொப்பம் போதும், எங்கே முழுக் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் தெருவில் யாருக்காவது ரேஷன் கார்டிலிருந்து ஒரு பெயரை நீக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள். அது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக் கார்டிலும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பஜாரில் மிளகு ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் போகிற வழியில் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அது தெரிய வந்தபோது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. என்னுடையது தானாக நின்றது. அதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. மாடிப்படி கூடாது, உப்பு கூடாது, கோபம் கூடாது என்று எறணாகுளத்து டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் அவள் கடைப்பிடித்தாள். எழுபதுகள் முடிகிற சமயத்தில் கம்பெனி வரை நடக்கவும் முடியாமல் போய், வேலையை விட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். மலையாளம் பேசுகிற அந்தத் தெருவில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாலோ பின்னாலோ, வீட்டுக்கு வருவார். எண்பதுகளின் ஆரம்பத்தில் அப்படி வந்தபோது ஒரு டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார். ஜப்பான் கேசட்டை நம் ஊர் டிவியில் போட்டால் படம் நிற்காமல் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். அவருடையது எந்த நாட்டுக் கேசட்டையும் காட்டுகிற வகை. எறணாகுளத்துப் பிராட்வேயிலிருந்து ஒரு மெக்கானிக் படகில் வந்து அதைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜப்பானில் கோபே துறைமுகத்தில் கப்பல்காரர் வழக்கமாக நூடுல்ஸ் சாப்பிடுகிற கடையின் அம்மாள், அங்கே டிவியில் வருவதைக் கேசட்டில் பிடித்துக் கொடுப்பாளாம். இவர் கேட்டது மல்யுத்தம். அவள் மல்யுத்தத்தைப் பிடித்துவிட்டு, மிச்சமிருந்த இடத்திலும் கூடுதலாக இரண்டு மூன்று கேசட்டிலும் தனக்குப் பிடித்த கார்ட்டூனை நிரப்பிக் கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதித் தெரு அந்த வீட்டில் கூடியது. மல்யுத்தம் முடிந்ததும் கார்ட்டூன் தொடங்கியது. "ஓ, குட்டிகளுடெ படம்" என்று, குழந்தைகள் படம்தானே என்ற அலட்சியத்தோடு, ஆண்கள் எழுந்தார்கள். கப்பல்காரர் நிறுத்துவதற்காக டெக்கிடம் போனார்.

"நிறுத்தாதிங்கோ" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து. "அந்தப் பையன் என்னமோ சொல்ல வரான்."

அன்றைக்கு அவன் சொல்லவில்லை. முதல் பாகம் முழுவதுமே அவன் சொல்லவில்லை என்பதுதான் கதை.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம். அந்தப் பையன் அங்கே கொடி காட்டுகிறவன். கழுத்தில் வாரால் ஒரு மரத்தட்டை மாட்டிக்கொண்டு, அதில் சாப்பாட்டுப் பொட்டலங்களை அடுக்கி விற்கிற ஒரு பெண் பிளாட்பாரத்துக்கு வருவாள். அவனுக்கு அவள்மேல் ஆசை, அவளுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது குளறுபடி நடந்து, கடைசியில் இருவரும் தனியாக நிற்பார்கள். அவன் மூச்சை இழுத்து வாயைத் திறப்பான். உடனே ரயில் வந்துவிடும். வாய் அசைவது தெரியும், வார்த்தை கேட்காது. ரயில் போன பிறகு அவள் "என்ன?" என்று கேட்பாள். அவன் "ஒன்றுமில்லை, மணி என்ன ஆயிற்று என்றேன்" என்பது போல ஏதோ சமாளிப்பான். எங்களில் ஒருவருக்கும் ஜப்பான் மொழி தெரியாது. கப்பல்காரருக்கு விலை கேட்கவும் நன்றி சொல்லவும் மட்டும் தெரியும். ஆனால் இதற்கெல்லாம் மொழி வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் கார்ட்டூனுக்கு என்று ஒரு பெண்கள் கூட்டம் சேர்ந்தது. அதற்கு அக்காதான் தலைமை. ஆண்களில் நான் மட்டும். அக்காவை அழைத்துப் போய்க் கொண்டுவிட வேண்டும் என்ற காரணத்தை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

கப்பல்காரரின் மனைவிக்கு அந்தப் பையன்மேல் பொறுமை இருந்ததில்லை.

"இவனு ஒரு கத்து எழுதிக் கொடுத்தூடே சேச்சி? இத்ர புத்திமுட்டணோ?"

"கடுதாசியா? எழுதினா காப்பி இருக்கும், கேட்டியா. நான் எத்தனை டைப் அடிச்சிருக்கேன். எழுதினதுக்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்லை. வாயால சொன்னாத்தான் சொன்னதாக்கும்."

"வாயால பறயான் வண்டி சம்மதிக்கண்டே!"

"வண்டி மேல என்ன தப்பு? அதுக்கு நேரம் உண்டு. இவன் அந்த நேரம் பாத்துத்தான் வாயைத் திறக்கறான். ரயில் வரும்னு தெரிஞ்சேதான் சொல்றான், பாத்துக்கோ. அவளுக்குக் கேட்டுடுமோன்னு பயம். கேக்கணும்னு ஆசையும் உண்டு."

இது அக்காவின் முதல் அபிப்பிராயம். அந்தக் கதையைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது அபிப்பிராயம் அந்தத் தட்டைப் பற்றியது. அந்தப் பெண் தட்டை எங்கேயும் கழற்றி வைப்பதில்லை. மழையில் ஓடும்போதும் பனியில் வழுக்கி விழும்போதும் தட்டு கழுத்திலேயே இருக்கும். ஒரு கதையில் நிலநடுக்கம் வந்து கூரை ஓடுகள் விழுகின்றன. அவன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் அப்போதும் ஒரு கையால் தட்டைச் சமன் பார்த்துக்கொண்டே ஓடுகிறாள். அவன் நெருங்க வந்தால் தட்டின் விளிம்பு அவன் வயிற்றில் இடிக்கும். தெருப் பெண்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "அந்தத் தட்டுதான் அவ. அதைக் கழட்டினா அவ கிடையாது" என்றாள்.

எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கொடியைச் சுருட்டாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுடன் பேசப் போவது பணிவிதிக்கு மாறானது, எந்த நாட்டு ரயில்வேயாக இருந்தாலும். அதைச் சொன்னேன்.

"எடா, நல்ல வேளை நீ அந்த ஸ்டேஷன்ல இல்லை" என்றாள் அக்கா. "இருந்தா அவளுக்குத் தட்டு வெச்சுக்க லைசன்ஸ் உண்டான்னு கேட்டிருப்பே."

பெண்கள் அன்று அதற்கும் சிரித்தார்கள்.

மறுவருடம் இரண்டாம் பாகம் வந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பி ஒரு பெரிய கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். தட்டு இல்லை. கார் வைத்திருக்கிற ஒருவன் அவளைச் சுற்றி வருகிறான், காரணமே இல்லாமல் ஒரு நாயும் வருகிறது. எதிரிக்குக் கார் கொடுத்தால் கதை நகரும் என்று ஜப்பானிலும் நினைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசிக் கதையில் அவள் பழையபடி தட்டை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பி வருகிறாள். அந்த இருபது நிமிடம் தவிர மற்றதெல்லாம் வீண்.

"இது பாகமே இல்லை" என்றாள் அக்கா. "உங்க ஆபீஸ்ல என்னமோ சொல்வியே, அது."

"பின்னிணைப்பு."

"அதாக்கும். கிழிச்சுப் போட்டாலும் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது."

முதல் வருடம் தெருவைத் தானாகவே கடந்தவள், அந்த வருடம் நடுவிலிருந்த ஓடைப் பலகையில் ஒரு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். திரும்பும்போது இரண்டு தடவை.

மூன்றாம் பாகம் வருகிறது என்ற செய்தி அதற்கடுத்த வருடம் கப்பல்காரரின் கடிதத்தில் வந்தது. கோபே அம்மாள் முழுவதும் பிடித்துக் கொடுத்துவிட்டாள், ஆறு கேசட், இதோடு கதை முடிந்தது, இனிமேல் கிடையாது என்று எழுதியிருந்தார். அவர் மனைவி அதை எங்கள் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினாள். அக்கா அப்போது முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். கணுக்கால் வீங்கியிருந்தது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி அதிக நாளாகவில்லை. என்னிடம் மட்டும் தனியாக, ஓணம் வரை போனால் நல்லது என்றார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா" என்றாள் அக்கா. "அவா ரெண்டு பேரும் என்ன ஆறான்னு தெரிஞ்சுண்டு போனாப் போரும். நீ அங்கதானே இருக்கே. கேசட்டை யாரும் பிடிச்சு வெச்சுக்காமப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். இனி வருவது நான் பார்த்துக்கொண்ட விதம்.

இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மழை, தொடங்கிய வாரம் கப்பல் வந்தது. கப்பல்காரரின் வழக்கம், கேசட்டுகளைக் கைலியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைப்பது. யாரும் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. அந்த வருடம் கெடுபிடி அதிகம். சோதனை மேஜைக்குப் போகுமுன் என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"சாரே, இது எந்தா செய்யேண்டது? பதிவு போலெ அடியில் வெச்சாலோ?"

வழக்கம்போல அடியில் வைத்து அகப்பட்டால் மொத்தமாகப் போய்விடும். முறைப்படி அறிவித்தால் யாரும் கை வைக்க முடியாது. அக்காவுக்காக நான் அதிகப் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுத்தேன். படிவத்தை வாங்கி என் கையாலேயே நிரப்பினேன். பொருள்: வீடியோ கேசட், ஆறு. விவரம்: ஜப்பானியக் கார்ட்டூன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தைகளுக்கானது என்று சேர்த்திருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அது குழந்தைகளுக்கானது இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். இரண்டு வருடமாகத் தெரு முழுவதையும் அவள் திருத்தி வைத்திருந்தாள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. "காதல் கதை" என்று எழுதினேன்.

ஜப்பான், காதல், வீட்டில் பதிவு செய்தது, மேலே அச்சிட்ட லேபிள் இல்லை. இந்த நான்கையும் ஒரே வரியில் படிக்கிற எந்த இன்ஸ்பெக்டரும் என்ன நினைப்பாரோ அதையே எங்கள் இன்ஸ்பெக்டரும் நினைத்தார். ஆறு கேசட்டும் உறையிலிடப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, ஆபாசம் உண்டா என்று ஒரு குழு பார்வையிட்டு அறிக்கை தரும்வரை அலமாரிக்குப் போயின. பறிமுதல் ரசீதை எழுதியவன் நானே. மூன்று பிரதி.

அலமாரியின் சாவியை வைத்திருந்தவர் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர். வைப்பறைக்காரர். தினமும் என்னோடு சாயா குடிக்கிறவர். விஷயம் தெரிந்ததும் அவரே கூப்பிட்டார்.

"தனிக்கு பிராந்துண்டோடா? சனியாழ்ச்ச வைகிட்டு சோற்றுப் பாத்திரத்தின் சஞ்சியில் இட்டோண்டு போ. திங்களாழ்ச்ச திரிச்சு கொண்டுவா. உறை ஞான் வேறெ ஒட்டிக்கோளாம். ஆரறியான்?"

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோய்த் திங்களன்று திருப்பி வைத்துவிடு என்கிறார். ரசீது இல்லாமல் அந்தக் கட்டிடத்திலிருந்து என் கை வழியாக ஒரு குண்டூசிகூட வெளியே போனதில்லை என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"செரி, சட்டமும் கெட்டிப்பிடிச்சு இரி" என்று ஏதோ திட்டிவிட்டு அவர் சாயாவுக்குத் தனியாகப் போனார்.

பார்வையிடும் குழுவில் ஓர் அதிகாரி, வெளியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை, குறிப்பெழுத ஓர் ஆள் என்று மூன்று பேர் வேண்டும். குறிப்பெழுத என்னைப் போட்டார்கள். இந்தப் பொருளில் என் குடும்பத்துக்கு அக்கறை உண்டு, ஆகவே நான் இருப்பது முறையில்லை என்று உடனே எழுதிக் கொடுத்தேன். "கதை தெரிந்தவர், ஆகவே பொருத்தமானவர்" என்று அதன் ஓரத்தில் எழுதி அதிகாரி திருப்பி அனுப்பினார்.

கதவைச் சாத்திய அறையில், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, இரண்டு நாள் மூன்றாம் பாகத்தைப் பார்த்தோம். முதல் கேசட்டின் பாதியிலேயே இது தாம் எதிர்பார்த்த வகை இல்லை என்று அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு தூங்கினார். ஆசிரியை விடைத்தாள் திருத்தினார். கடைசி வரை பார்த்தது நான் மட்டும்.

அந்த நிலையத்தை மூடப்போகிறார்கள். கதை அதுதான். பயணிகள் குறைந்துவிட்டார்கள். ஒவ்வொரு கதையிலும் ஒரு ரயிலைக் குறைக்கிறார்கள். அவளுடைய தட்டில் பொட்டலங்கள் குறைகின்றன. சிரிப்பும் உண்டு. நாய்கூட ஒரு தடவை வருகிறது. கடைசி ரயில் போகிற அன்று அவள் தட்டோடு அதில் ஏறிப் போகிறாள். இவன் கொடி காட்ட வேண்டும், காட்டுகிறான். அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், தண்டவாளத்தில் புல் முளைத்த பிறகு, மஃப்டியில் வந்து அதே இடத்தில் நிற்கிறான். மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறான். ரயில் வரவில்லை. இத்தனை வருடம் எங்களுக்குக் கேட்காத அந்த வார்த்தை முதல் தடவையாக முழுதாகக் கேட்டது. அறையில் மின்விசிறிச் சத்தமும் அதுவும்தான். கேட்பதற்கு அவள் அங்கே இல்லை. பிளாட்பாரத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் படம் முடிந்துவிட்டது.

அதிகாரியை எழுப்பினேன். "எந்தெங்கிலும் உண்டோ?" என்று, ஆபாசமாக ஏதாவது இருந்ததா என்கிற தோரணையில், கேட்டார்.

ஆறு கேசட்டும் முழுமையாகப் பார்வையிடப்பட்டன, ஆட்சேபகரமானது எதுவுமில்லை என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். நான் சொன்ன பொய் அறிக்கை இதுதான்.

அறிக்கை போனதும் கேசட் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அலுவலகம் தெரியாது. அது மேலே போக வேண்டும், அங்கிருந்து ஒரு கேள்வி வர வேண்டும், கேள்விக்குப் பதில் போக வேண்டும், பிறகு உத்தரவு. மூன்று மாதத்துக்குக் குறையாது. அன்று சாயங்காலம் வைப்பறைக்காரர் மறுபடியும் கேட்டார். "இப்போழும் நேரமுண்டு. கொண்டுபோ." நான் மறுபடியும் விதியைச் சொன்னேன். முதல் தடவை சொன்னபோது நான் அதை நம்பினேன். இரண்டாவது தடவை அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு அவள் அந்தக் காலி பிளாட்பாரத்தைப் பார்க்க நான் விடுவதாக இல்லை.

பார்வையிட்ட விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதும் விதிதான். அதை மீறுவதென்று படகிலேயே முடிவு செய்துவிட்டேன். வீடு சேருமுன் ஒரு முடிவையும் தயார் செய்தேன்.

அக்கா விழித்துத்தான் இருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"சொல்லு. ஒண்ணும் விடாமச் சொல்லு."

சொன்னேன். நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று தொடங்கினேன். ஊர்க்காரர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார்கள் என்றேன். அது என் கைச்சரக்கு. மனு ஏற்கப்பட்டு நிலையம் தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில், எல்லோரும் பார்த்திருக்க, பையன் அவளிடம் போய்ச் சொல்லியே விட்டான். அவள் அழுதாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமும் ஆயிற்று. கல்யாணத்துக்கு நிலைய அதிகாரி வந்தார், நாய் வந்தது என்று என்னால் முடிந்த நகைச்சுவையையும் சேர்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்த பிறகும் திறக்கவில்லை.

"தட்டு?" என்றாள்.

"எந்தத் தட்டு?"

"கட்டிப் பிடிச்சுண்டான்னியே. நடுவுல தட்டு இருக்குமே. அது எங்க?"

நான் அதை யோசிக்கவில்லை. மனுவுக்கு எத்தனை கையெழுத்து என்றுகூட யோசித்திருந்தேன். "கழட்டிக் கீழ வெச்சுட்டா" என்றேன்.

"கீழயா?"

"ஆமாம்."

"பிளாட்பாரத்துல?"

"ஆமாம் அக்கா."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். என் முன்னால் எத்தனையோ பேர் பூட்டிய பெட்டியோடு நின்றிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

"நிலநடுக்கம் வந்தப்போக் கீழ வெக்காதவ" என்றாள். பிறகு, "செரி" என்றாள். பிறகு, "அவன் சொன்னானோ?"

"சொன்னான்."

"ரயில் வந்துதோ?"

"வரலை."

"கேட்டுதோ? என்ன சொன்னான்னு?"

"நன்னாக் கேட்டது. முழுசாக் கேட்டது."

இந்த மூன்றும் உண்மை. உண்மையான பதிலாக மூன்று கிடைத்ததில் எனக்கு மூச்சு வந்தது.

"போரும்டா" என்றாள் அக்கா. "அது போரும். தண்ணி இன்னும் எத்தனை பாக்கி இருக்கு இன்னிக்கு?"

அரை டம்ளர் இருந்தது. கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்றாம் பாகத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை. முதல் பாகத்தைப் பற்றிப் பேசினாள். மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நிற்க, தட்டு மட்டும் வெளியே நனைந்துகொண்டிருக்குமே, அந்தக் கதை அவளுக்குப் பிடித்தது. ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற அத்தம் பிறந்து மூன்றாம் நாள் காலையில், எதிர்வீட்டு வாசலில் குழந்தைகள் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தபோது இறந்தாள். பிறகு செய்ய வேண்டியவற்றையெல்லாம் நான் ஒரு பிழையில்லாமல் செய்தேன். இறப்புப் பதிவு, ரேஷன் கார்டு, கம்பெனிக்குக் கடிதம். எதையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

விடுவிப்பு உத்தரவு துலாம் மாத, அதாவது ஐப்பசி, இடிமழையின்போது வந்தது. கப்பல்காரர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவியின் பெயரில் அதிகாரக் கடிதம் வாங்கி, கேசட்டுகளை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய கூட்டம் கூடியது. அக்காவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கேசட்டை ஒப்படைத்த ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நின்றேன்.

"சாரும் இரிக்கணம்" என்றாள் கப்பல்காரரின் மனைவி.

கதவருகே உட்கார்ந்தேன். ஒரே நாளில் முடிகிற கதையில்லை. மூன்று ஞாயிறு ஓடியது. கடைசி ஞாயிறு, புல் முளைத்த தண்டவாளம் வந்தபோது நான் பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதார்கள். ஆனால் ஒருவரும் திடுக்கிடவில்லை. பையன் மூச்சை இழுத்தபோது கப்பல்காரரின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம், "இப்போழ் பறயும், நோக்கிக்கோ" என்றாள்.

அவன் சொன்னான்.

கூட்டம் கலைந்த பிறகு அவளிடம் கேட்டேன். முன்னாலேயே எப்படித் தெரியும்?

"சேச்சி பறஞ்ஞதல்லே." அவள் கேசட்டை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள். "சார் அன்னு வந்து கத பறஞ்ஞதின்டெ அடுத்த நாள் என்னெ விளிச்சு. 'ரெண்டு பேரும் சேர மாட்டா. ஸ்டேஷனை மூடிடுவா. ஒருத்தருமில்லாத பிளாட்பாரத்துல வந்து நின்னுண்டு அவன் சொல்வான்'ன்னு பறஞ்ஞு. ஆரு பறஞ்ஞூன்னு ஞான் சோதிச்சு. 'என் தம்பி சொன்னான்'ன்னு பறஞ்ஞு."

"நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றேன்.

"அதும் பறஞ்ஞு. 'அவன் நேர்மாறாத்தான் சொன்னான். ஆனா ரயில் வரலைன்னான், நன்னாக் கேட்டதுன்னான். அவ நிக்கற ஸ்டேஷன்ல ரயில் வராம இருக்குமா? ரயில் இல்லைன்னா ஸ்டேஷன் இல்லை. ஸ்டேஷன் இல்லைன்னா தட்டுக்கு அங்க என்ன வேலை?' இங்ஙனெயாணு சேச்சி கணக்காக்கியது."

அடுத்த கேசட்டை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"சாரோடு பறயேண்டான்னும் பறஞ்ஞு. 'ரொம்பக் கஷ்டப்பட்டுச் சொன்னானாக்கும், பாவம். ஒரு மனு வேற எழுதிச் சேத்தான்'ன்னு சிரிச்சு." அவள் உறையை மூடினாள். "மூணாமத்ததாணு நல்லதுன்னும் பறஞ்ஞு. காணாதெ."

மூன்றாம் பாகத்தை அக்கா பார்க்கவில்லை. பார்க்காதவரின் அபிப்பிராயத்தைக் குறிப்பில் சேர்க்க முடியாது. முதல் பாகமே சிறந்தது என்பதுதான் என் நிலைப்பாடு, அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்த ரசீதில் கப்பல்காரரின் மனைவியுடைய கையெழுத்து இல்லை. திரும்பிப் போய் வாங்கியிருக்கலாம், எதிர்வீடுதான். போகவில்லை.